ஓட்டக் கணக்கும் நாட்கணக்கும்

மற்றுமோர் ஆண்டின் கடைசி மாதத்திற்குள் கர்த்தர் நம்மைக் கிருபையாய் நடத்தி வந்திருக்கிறார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கூடி, கடந்து வந்த நாட்களின் நன்மைகளை ஒவ்வொன்றாய் எண்ணி ஸ்தோத்திரம் செலுத்துவது நம் வழக்கம். ஆகவே இது கணக்குப் பார்க்கிற காலம். கடந்த ஆண்டு நான் கேட்ட ஒரு வித்தியாசமான கணக்கைக் குறித்து இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் இரத்தத்தில் சர்க்கரை மிகுதியாயிருப்பதைக் கண்ட வைத்தியர், "தினமும் நடக்கிறீர்களா, பாஸ்டர்?" என்று கேட்டார். "ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பிரசங்கிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதில் கேட்பவர்களுக்குத்தான் பொறுமை வளரும், உங்களுக்குச் சர்க்கரை குறையாது" என்றார். அன்று தொடங்கியது என் காலைநடை. வாரத்தில் சில நாட்கள், சர்ஜாபூர் சாலையிலுள்ள கைகொண்டரஹள்ளி ஏரிக்குச் செல்வேன். கழிவுநீரும் குப்பையும் சேர்ந்து அழிந்துகொண்டிருந்த அந்த ஏரியை, 2009-ஆம் ஆண்டை ஒட்டி, சுற்றுவட்டார மக்களும் ஆய்வாளர்களும் மாநகராட்சியும் கைகோத்து மீட்டெடுத்தார்கள். இன்று அதைச் சுற்றி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் அங்கே குடியிருக்கின்றன.

அங்கேதான் அந்தச் சிறிய கூட்டத்தைக் கண்டேன். மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் நம் சபைச் சகோதரர் ஒருவர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த வங்கி ஊழியர் ஒருவர், மருத்துவமனையில் செவிலியராயிருக்கும் சகோதரி ஒருவர், பணி ஓய்வு பெற்ற கன்னடப் பெரியவர் ஒருவர். இவர்களில் ஒருவரும் பரிசுக்காக ஓடுகிறவரல்லர். உடல் நலத்திற்காகவும் மன மகிழ்ச்சிக்காகவும் ஓடுகிறவர்கள். ஓடி முடித்தபின் கல் இருக்கையில் அமர்ந்து பேசுவார்கள். கடந்த ஆண்டு நவம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அவர்களோடு அமர்ந்தேன்.

"இந்த வருடம் எவ்வளவு ஆயிற்று, அண்ணா?" என்று வங்கிச் சகோதரர் கேட்டார்.

"1,870. இன்னும் 130 ஓடினால் 2,000 முடிந்துவிடும்" என்றார் நம் சபைச் சகோதரர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"என் இலக்கு 1,000-தான். முழங்கால் இரண்டு மாதம் படுத்திவிட்டது. 740-லேயே நிற்கிறேன்."

"வார்டில் நடக்கிறதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் நான்தான் முதலாவது" என்றார் செவிலியச் சகோதரி. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு பேச்சு எங்கெங்கோ சென்றது. அன்று காலை ஏரிக்கரையில் கண்ட மீன்கொத்தி, 2024 கோடையில் குழாய்க்கிணறுகள் வற்றித் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த நாட்கள், பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, முழங்கால் வலிக்கு யாரோ சொன்ன எண்ணெய் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பேசினார்கள். பிரியமானவர்களே, நான் அதை விரும்பிக் கேட்டேன் என்பதை மறைக்கமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியாத இந்தப் பட்டணத்தில், ஒருவர் முழங்காலை ஒருவர் விசாரிக்கிற கூட்டம் ஒன்று இருப்பது நல்லதுதானே!

ஆனால் ஓர் அறிக்கை செய்யவேண்டும். முன்பு நான் இப்படிப்பட்டவர்களைக் குறித்துப் பிரசங்கபீடத்திலிருந்து கேலியாய்ப் பேசியிருக்கிறேன். சரீர முயற்சியின் பயன் கொஞ்சமே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை (1 தீமோ. 4:8) எடுத்து வீசுவேன். உண்மையைச் சொன்னால், அந்த வசனம் என் சோம்பலுக்குப் போர்வையாயிருந்தது. வேதாகமக் கல்லூரியில் கற்ற கிரேக்கத்தைப் பின்னொருநாள் மறுபடியும் புரட்டிப் பார்த்தபோது வெட்கப்பட்டேன். அங்கே பவுல் பயன்படுத்தும் "ப்ரோஸ் ஒலிகொன்" என்ற சொற்றொடருக்கு, கொஞ்சக் காலத்திற்கு என்றும் பொருளுண்டு. நம் ஜீவன் கொஞ்சக்காலம் தோன்றி மறையும் புகையைப் போன்றது என்று யாக்கோபு சொல்லும் இடத்திலும் (யாக். 4:14) இதே சொற்றொடர்தான் வருகிறது. ஆகவே அப்போஸ்தலன் சரீரப்பயிற்சியைத் தூக்கி எறியவில்லை. அதன் பயன் இம்மைக்கு உரியது, தேவபக்தியின் பயனோ இம்மைக்கும் மறுமைக்கும் உரியது என்று இரண்டையும் தராசில் வைத்துக் காட்டுகிறார். கொஞ்சக்காலப் பயனும் பயன்தான். சர்க்கரை நோயாளியாகிய நான் அதற்குச் சாட்சி.

மேலும், ஓட்டப்பந்தயத்தைப் பவுலைப்போல் எடுத்தாண்ட வேறொரு வேத எழுத்தாளர் இல்லை. அவர் ஒன்றரை ஆண்டு ஊழியம் செய்த கொரிந்துப் பட்டணத்தின் அருகேதான், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியா விளையாட்டுகள் நடந்தன. வென்றவன் தலையில் சூட்டப்பட்டது பைன் இலைகளால் பின்னிய கிரீடம். சில நாட்களில் வாடிப்போகும் அந்த இலைக்காக ஒருவன் இவ்வளவு இச்சையடக்கமாயிருந்தால், வாடாத கிரீடத்திற்காக ஓடும் நாம் எவ்வளவாய் ஒழுங்குபடவேண்டும் என்பதே அவருடைய வாதம் (1 கொரி. 9:24-27). ஓடுகிறவனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அவனிடத்தில் பாடம் கற்கச் சொன்னார்.

கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காலைகளோடு இருக்கும் பெங்களூரு, ஓடுகிறவர்களுக்கு ஏற்ற ஊர்தான். 1870-ல் அமைக்கப்பட்ட கப்பன் பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாகனங்கள் ஓடாத சாலைகளில் நூற்றுக்கணக்கானோர் ஓடுவதைக் காணலாம். 2008-ல் தொடங்கிய உலக 10 கிலோமீட்டர் ஓட்டமும், 2014-ல் தொடங்கிய பெங்களூரு மாரத்தானும் ஆயிரமாயிரம் பேரை வீதிக்குக் கொண்டுவருகின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் எந்நாளில் நடக்கின்றன? ஞாயிற்றுக்கிழமை காலையில்! இங்கேதான் நம்முடைய சிக்கல் தொடங்குகிறது.

நம் சபைச் சகோதரர் முதலில் ஆராதனைக்குக் கால்மணி நேரம் தாமதமாய் வந்தார். பின்பு செய்தி வேளைக்கு வந்தார். சில மாதங்களில், ஞாயிறு காலையில் 20 கிலோமீட்டர் ஓடி முடித்துக் களைத்துப்போய், வீட்டிலிருந்தே கைப்பேசியில் ஆராதனையைப் பார்க்கத் தொடங்கினார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஆட்டோவில் வந்து வழக்கமான இடத்தில் அமர்ந்தார்கள். அவருடைய நாற்காலியில் பிள்ளையின் பை இருந்தது. விசுவாசத்தை மறுதலித்து ஒருவரும் ஒரே நாளில் பின்வாங்கிப் போவதில்லை, தேவபிள்ளைகளே. கால்மணி நேரம் கால்மணி நேரமாகத்தான் நழுவுகிறோம்.

இந்த இடத்தில் எரிக் லிடலை நினைக்காமல் இருக்கமுடியாது. மிஷனெரிப் பெற்றோருக்கு 1902-ல் சீனாவில் பிறந்த அவர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தபடியால், தமக்கு மிகவும் உகந்த அந்தப் போட்டியையே விட்டுவிட்டார். வேறு நாளில் நடந்த 400 மீட்டர் ஓட்டத்தை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். இவ்வளவும் பலருக்குத் தெரியும். அடுத்த ஆண்டே அவர் புகழை விட்டுச் சீனாவுக்கு ஊழியத்திற்குச் சென்றதும், ஜப்பானியர் வெய்ஸியன் என்னும் இடத்தில் அமைத்த தடுப்பு முகாமில் 1945-ல் தமது 43-ஆம் வயதில் மரித்ததும் சிலருக்குத் தெரியும். மிகச் சிலருக்கே தெரிந்த மற்றொன்று உண்டு. அந்த முகாமில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நடுவர் இல்லாமல் விளையாடிச் சண்டையிட்டுக்கொண்ட அந்த இளைஞர்களுக்காக, ஞாயிறு ஓடமாட்டேன் என்று தங்கத்தையே விடத் துணிந்த அதே லிடல், ஞாயிற்றுக்கிழமையில் நடுவராக மைதானத்தில் வந்து நின்றார்.

இதில் முரண்பாடு உண்டோ? எனக்குத் தோன்றவில்லை. தமக்கு மகிமை வருமிடத்தில் ஞாயிறைக் காத்துக்கொண்டார். பிறருக்குப் பிரயோஜனம் வருமிடத்தில் அதை ஈந்துவிட்டார். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாயிற்று என்று ஆண்டவர் போதித்ததின் (மாற்கு 2:27) பொருளை அவர் அறிந்திருந்தார். ஆகவே ஞாயிறு காலையில் மருத்துவமனையில் இருக்கவேண்டிய செவிலியச் சகோதரியையும், வாசலில் காவல் நிற்கவேண்டிய சகோதரனையும் நான் ஒருநாளும் குற்றப்படுத்தமாட்டேன். அவர்களுக்காகவே சபையில் மாலை ஆராதனை வைத்திருக்கிறோம். ஆனால் ஓட்டத்தை நீங்களே தெரிந்துகொள்கிறீர்கள். அதற்குரிய நாளையும் நீங்களே தெரிந்துகொள்ளலாமே! சனிக்கிழமைக்கும் அதே 24 மணி நேரம்தான்.

இதை அந்தச் சகோதரரிடம் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான், அன்று மற்றவர்கள் எழுந்து போனபின்பும் அமர்ந்திருந்தேன். ஆவியானவரோ பேச்சை வேறு திசையில் திருப்பினார். ஒரு சிறிய பறவை நீரோரத்துக் கல்லின்மேல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது. முதுகு சாம்பல் நிறம், வயிறு மஞ்சள்.

"அது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "சாம்பல் வாலாட்டி, பாஸ்டர். 20 கிராம் எடைகூடத் தேறாது. கோடையில் இமயமலைப் பக்கத்திலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டும். குளிர்காலத்திற்கு இங்கே வந்துவிடும். இந்த வருடம் செப்டம்பர் 14-ஆம் தேதி பார்த்தேன். போன வருடம் 17. அதற்கு முந்தின வருடம் 12. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார்.

அதில் அந்த ஆண்டு அவர் கண்ட பறவைகள் யாவும் நாளோடும் இடத்தோடும் பதிவாகியிருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே காவேரிக் கால்வாயின் ஓரமாய் ஓட்டப்போட்டிக்குச் சென்றபோது, பக்கத்திலுள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கண்ட மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அந்தப் பட்டியலில் இருந்தன. 40 ஏக்கர் அளவேயான அந்தத் தீவுக்கூட்டத்தைக் காக்கும்படி மைசூர் மகாராஜாவிடம் எடுத்துச் சொல்லி, 1940-ல் சரணாலயமாக்கச் செய்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. சிறுவனாயிருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியே அவரைப் பறவைகளிடம் அழைத்துச் சென்றது. 1985-ல் வெளிவந்த தம் சுயசரிதைக்கு, ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரையே இட்டார். பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையில் விழாது என்ற நம் ஆண்டவரின் வார்த்தையை (மத். 10:29) அந்தப் பெயர் நமக்கு நினைப்பூட்டுகிறது அல்லவா?

நான் அந்த வாலாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரேமியா தீர்க்கதரிசியின் துக்கம் என் நினைவுக்கு வந்தது. ஆகாயத்து நாரையும் காட்டுப்புறாவும் கொக்கும் தகைவிலான் குருவியும் தாங்கள் திரும்பி வரவேண்டிய காலத்தை அறிந்திருக்கின்றன, என் ஜனமோ அறியவில்லையே என்று கர்த்தர் அவர்மூலமாய் அங்கலாய்த்தார் (எரே. 8:7). அங்கே அவர் பேசுவது தேவனிடத்திற்குத் திரும்புதலைக் குறித்துத்தான். ஆயினும் என் வாயிலிருந்து வேறொரு கேள்வி வந்தது.

"தம்பி, அம்மாவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று?"

அவருடைய சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்குப் பக்கம். தகப்பனார் இல்லை. தாயார் மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். செப்டம்பர் 14 என்று தயங்காமல் சொன்ன சகோதரர், இந்தக் கேள்விக்குப் பதில் தேடினார். கைப்பேசியில் அதற்குப் பட்டியல் இல்லை. சற்று நேரம் கழித்து, "போன வருடம் ஈஸ்டருக்குப் போனது, பாஸ்டர்" என்றார். விரல்விட்டு எண்ணினோம். 19 மாதம். "ஞாயிறுதோறும் போனில் பேசுவேன். 'நீ வேலையைப் பாரு ஐயா, நான் சுகமாத்தான் இருக்கேன்' என்று சொல்லுவார்கள்" என்றார்.

பெங்களூருவிலிருந்து அவர் ஊருக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஆண்டில் அவர் கால்களால் ஓடிய 1,870 கிலோமீட்டர், ஊர் வரைக்கும் மூன்று முறை போகிற தூரம். 2,000 கிலோமீட்டர் ஓட 200 மணி நேரத்திற்கு மேல் செலவாகும். ஊருக்குப் போவதற்கோ ஓர் இரவு ரயிலும், காலையில் ஒரு பேருந்தும் போதும். இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை, பிரியமானவர்களே. அவரே மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

அவரைக் கண்டிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இளம் ஊழியனாய் இந்தப் பட்டணத்திற்கு வந்த ஆண்டுகளில், ஊரிலிருந்த என் தகப்பனாரைப் பார்க்கப் போவதை மூன்று முறை தள்ளிப்போட்டேன். ஒருமுறை உபவாசக் கூட்டம், ஒருமுறை ஆலயக் கட்டட வேலை, கடைசியாகக் கன்வென்ஷன். எல்லாம் ஊழியம்! மூன்றாம் நாள் கூட்டத்திற்குமுன் செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, பெட்டியை மூடாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். அடக்கத்திற்குப் பின்பு என் தாயார் தகப்பனாருடைய வேதாகமத்தைக் கையில் கொடுத்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில், பென்சிலால் சில தேதிகள் எழுதப்பட்டிருந்தன. நான் பெங்களூருவுக்கு வந்தபின் வீட்டிற்குப் போன நாட்கள் அவை. 11 ஆண்டுகளில் 14 தேதிகள். அவ்வளவுதான்.

காணிக்கையாகக் கொடுத்தேன் என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்ட பகுதியை (மாற்கு 7:11-13) நான் அதற்குமுன் எத்தனையோ முறை பிரசங்கித்திருந்தேன். அது பரிசேயருக்கு என்றே எண்ணியிருந்தேன். ஒருவருக்கு ஓட்டம் தடையாகிறது. மற்றொருவருக்கு ஊழியமே தடையாகிறது. இதை அன்று அந்தக் கல் இருக்கையில் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். சபையில் ஒருநாளும் சொன்னதில்லை.

பிரியமான வாசகரே, கணக்கு வைப்பது பாவமோ? இல்லை. வேதத்தில் ஒரு புத்தகத்திற்கே எண்ணாகமம் என்று பெயர். தேவன் கட்டளையிட்டபோது மோசே ஜனத்தை எண்ணினார், அது கீழ்ப்படிதல். தாவீதும் ஜனத்தை எண்ணினார், எண்ணி முடித்தவுடனே அவருடைய மனமே அவரை வாதித்தது (2 சாமு. 24:10). எண்ணிக்கை ஒன்றுதான், எண்ணியவரின் இருதயம் வேறாயிருந்தது. நாம் எதை எண்ணுகிறோமோ அதையே கவனிக்கிறோம். எதைக் கவனிக்கிறோமோ அதுவே மெல்ல மெல்ல நம்மை ஆளுகிறது. கைக்கடிகாரம் கிலோமீட்டரை எண்ணித் தரும். இருதயத் துடிப்பையும் எண்ணித் தரும். தாயின் வீட்டு வாசலில் இன்னும் எத்தனை முறை நிற்கப்போகிறோம் என்பதை எண்ணித் தர எந்தக் கடிகாரமும் இல்லை. அதனால்தான் மோசே, தன் நாட்களை எண்ணும் ஞானத்தைத் தேவனிடத்திலேயே கேட்டார் (சங். 90:12).

எண்ணப்படாத ஓட்டங்களும் உண்டு. நம் சபையில் ஒரு சகோதரி இருக்கிறார்கள். ஈஜிபுராவில் வாடகை வீடு. விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, கோரமங்களாவில் நான்கு வீடுகளுக்கு நடந்து போய் வேலை செய்து, மாலையில் நடந்தே திரும்புகிறார்கள். ஆண்டு முழுவதும் அவர்கள் நடந்த தூரத்தைக் கூட்டினால், ஏரிக்கரையில் எவருடைய இலக்கும் அதற்குமுன் நில்லாது. அவர்களுக்குப் பதக்கமில்லை, கைத்தட்டலுமில்லை. அதிகாலையில் ஓடப் போகும் சகோதரரே, நீங்கள் ஓடுகிற நேரத்தில் பிள்ளைகளை எழுப்பி, பால் காய்ச்சி, பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் உங்கள் மனைவியின் ஓட்டத்தையும் எந்தக் கடிகாரமும் பதிவு செய்வதில்லை.

ஆனால் பதிவு செய்கிற ஒருவர் உண்டு. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து குருவி (லூக். 12:6). அப்படியானால் ஐந்தாவது குருவி வெறுமனே சேர்த்துக் கொடுக்கப்பட்டது. சந்தையில் அதற்கு விலையே இல்லை. அந்த ஐந்தாவதையும் தேவன் மறக்கவில்லை என்பதே நம் ஆண்டவர் தந்த ஆறுதல். ஊரைவிட்டு ஓடி அலைந்த நாட்களில் தாவீது, தன் அலைச்சல்கள் யாவும் தேவனுடைய கணக்கில் இருக்கின்றன, தன் கண்ணீரும் அவரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தைரியங்கொண்டார் (சங். 56:8). பிழைப்புக்காக ஊரைவிட்டு இந்தப் பட்டணத்திற்கு வந்த அன்பானவர்களே, நீங்கள் மாறின வாடகை வீடுகளையும், ஏறி இறங்கின படிகளையும், வேலை தேடி நடந்த வீதிகளையும் அவர் எண்ணியிருக்கிறார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை இதுவே. ஓடுங்கள், முடியாதவர்கள் நடவுங்கள். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயமென்று பாடிக்கொண்டே அதைச் சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் விட்டுவிடாதேயுங்கள். நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிறு காலையில் குடும்பமாய்க் கர்த்தருடைய சமுகத்தில் வாருங்கள். வாரத்தில் இரண்டு காலைகளாவது நீங்கள் பிள்ளைகளைக் கவனித்து, மனைவியை நடக்க அனுப்புங்கள். பறவைகளைப் பார்க்கும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆகாயத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தானே! வருகிற ஆண்டின் இலக்குகளை எழுதும் அதே தாளில், ஊருக்குப் போகும் தேதிகளை முதலாவது எழுதுங்கள். பெற்றோர் இல்லாதவர்கள், பிள்ளைகள் தூரத்திலிருக்கிற ஒரு முதியவரின் வீட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏசாயா தீர்க்கதரிசி கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களைக் குறித்துப் பேசும்போது (ஏசா. 40:31), முதலில் பறத்தல், பிறகு ஓடுதல், கடைசியில் நடத்தல் என்று வரிசைப்படுத்துகிறார். இளம் பிரசங்கியாயிருந்தபோது இது எனக்கு விளங்கவில்லை. பறத்தலல்லவா கடைசியில் வரவேண்டும் என்று நினைத்தேன். ஐம்பது வயதைக் கடந்தபின் விளங்குகிறது. பறப்பது சில வேளை. ஓடுவது சில காலம். நாள்தோறும் செய்யவேண்டிய கடமையில் சோர்வில்லாமல் நடப்பதற்கே மிகுந்த கிருபை வேண்டும்.

அந்தச் சகோதரர் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு ஊருக்குப் போனார். பத்து நாட்கள் தாயாரோடு இருந்தார்கள். காலையில் தேரி மணலில் ஓட முயன்று, கால் புதைந்து, பாதியிலேயே திரும்பிவிட்டாராம். ஆண்டு முடிவில் அவர் கணக்கு 1,942-ல் நின்றுபோனது. 2,000 ஆகவில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்தபின் என் அருகே வந்து, "பாஸ்டர், அம்மாவோடு கோயிலுக்குத் தினமும் முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். அவர்கள் நடைக்கு அரைமணி நேரம் ஆகும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்" என்றார். அவருடைய நாற்காலியில் அன்று பை இல்லை.

ஜெபிப்போமா?

அன்புள்ள பரலோகப் பிதாவே, இந்த ஆண்டு முழுவதும் எங்கள் கால்களைக் காத்து நடத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம். எண்ணவேண்டியவற்றை எண்ணவும், எண்ணிக்கையை விடவேண்டிய இடத்தில் விட்டுவிடவும் எங்களுக்கு ஞானம் தாரும். ஊரில் எங்களுக்காகக் காத்திருக்கிற பெற்றோரை நினைத்தருளும். காலம் கடந்துபோயிற்றே என்று மனம் உடைந்திருக்கிறவர்களை மன்னித்து ஆற்றும். ஒருவரும் எண்ணாத பாதைகளில் நடக்கிற எங்கள் சகோதரிகளைப் பெலப்படுத்தும். எங்களுக்கு முன்னே ஓடி முடித்த இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. அடுத்த இதழில், கர்த்தருக்குச் சித்தமானால், மறுபடியும் சந்திப்போம்.